எண்ணூற்றுப் பன்னிரண்டு சதுர அடி

பதினான்கு வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாமல் வீட்டு வரி கட்டியவர் முனிரத்தினம். அவர் அதைக் கட்டியிருக்கவே வேண்டாம் என்பது, வேலூர் மிலிட்டரி கேண்டீன் வரிசையில் நிற்கும்போதுதான் அவருக்குத் தெரியவந்தது.

அன்று வியாழக்கிழமை. தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மனைவி மீனாம்பாளின் தோளில் கைவைத்தபடி வரிசையில் நின்றிருந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை கிடையாது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்டவுடனேயே முகம் மலர்ந்துவிட்டது.

"சர்தார் பாய்!"

"இன்னும் என் குரல மறக்கலியாடா நீ?" என்று சர்தார் பாஷா வந்து கட்டிக்கொண்டார். ஒரே ரெஜிமென்டில் இருந்தவர். இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. இப்போது பேரணாம்பட்டில் இருக்கிறார். ஊர்க்கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பேசியபின், அடுத்த வாரம் வரி கட்டப் போகவேண்டும் என்று மீனாம்பாள் எதற்கோ சொன்னாள்.

"வரியா? இன்னா வரி?"

"வீட்டு வரிதாண்ணே."

"அடப்பாவி! ட்யூட்டியில அடிபட்டு வந்தவன், சொந்த வீட்ல குடியிருந்தா, அதுக்குச் சலுகை இருக்குடா. நான் மூணு வருஷமா வாங்கறேன். உனக்கு யாரும் சொல்லலியா?"

முனிரத்தினம் சிரித்தார். "எனக்கு எதுக்கு பாய் அதெல்லாம்? என் வீடு, நான் கட்டறேன்."

உண்மையில் அந்த ரசீதுகள் மேல் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. தோல் கம்பெனியிலிருந்து வந்த காலி ஷூ பெட்டி ஒன்றில் அத்தனையும் அடுக்கி வைத்திருந்தார். ஆலங்காயத்துப் பக்கம் அடுத்தவன் நிலத்தில் களை பிடுங்கிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் சொந்தப் பெயரில் வீட்டு வரி ரசீது வாங்கிய முதல் ஆள் அவர்.

சர்தார் பாஷா குரலைத் தாழ்த்தினார். "யாரோ போடற பிச்சைன்னு நெனக்கிறியா முனி? ரெண்டு கண்ணையும் அங்க வெச்சுட்டு வந்தவன்டா நீ. அதுக்கு சர்க்கார் ஒரு மரியாதை எழுதி வெச்சிருக்கு. வாங்காம விட்டா, எழுதி வெச்சவனுக்கும் மரியாதை இல்ல, உனக்கும் இல்ல."

 மனைவியின் தோளிலிருந்த முனிரத்தினத்தின் கை அழுந்தியது. மீனாம்பாளுக்கு அந்த அழுத்தத்தின் பொருள் தெரியும்.

"படைவீரர் ஆபீஸ் பக்கத்துலதான். இப்பவே போலாம், வாங்க," என்றாள்.

பத்தொன்பது வயதில் முனிரத்தினம் ராணுவத்தில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி, பாலம் கட்டுகிற, பாதை போடுகிற, கண்ணிவெடி புதைக்கிற, எடுக்கிற படைப்பிரிவு. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ராஜஸ்தான் எல்லையில், மணலுக்குள் புதைத்துக்கொண்டிருந்த வெடி ஒன்று நேரம் பார்க்காமல் வெடித்தது. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புனேயில் எட்டு மாதம் ஆஸ்பத்திரி. பிறகு டேராடூனில், பார்வை போன சிப்பாய்களுக்கான பள்ளியில் ஒரு வருஷம். கோல் பிடித்து நடக்க, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பார்க்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். ஆம்பூர் சாலையில் ஒரு ஷூ கம்பெனியில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. இருநூறு எக்ஸ்டென்ஷன் நம்பரும் அவருக்குத் தலையில். அதே கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் மீனாம்பாள் இருந்தாள். "லைன் த்ரீ சூப்பர்வைசர் குடுங்க சார்" என்று தினம் ஒரு தடவை போன் செய்தவள், பிறகு காரணமே இல்லாமலும் போன் செய்தாள். ஒரு வருஷத்தில் கல்யாணம்.

பள்ளிகொண்டா தாண்டி, பாலாற்றை ஒட்டிய செங்கானூர் என்ற சின்னப் பேரூராட்சியில் இடம் வாங்கி, இரண்டாயிரத்துப் பதினொன்றில் வீடு கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து கூரை போட்ட நாள்வரை, தினமும் சாயங்காலம் முனிரத்தினம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவரோரமும் நடப்பார். ராணுவத்தில் பழகிய அடி. ஒன்றுக்கு முப்பது அங்குலம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒருநாள் நின்று, "மேஸ்திரி, இந்தப் பக்கம் அரை அடி உள்ள வந்திருக்கு," என்றார். மேஸ்திரி சிரித்தார். டேப் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் மூன்று வரிசைச் செங்கலைப் பிரித்தார்.

கேண்டீனிலிருந்து போன முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஃபீபி என்ற உதவியாளர் அவர்களை உட்காரவைத்தார். முப்பது வயதிருக்கும். படபடவென்ற பேச்சு. மீனாம்பாள் எங்கே போனாலும் பையில் எடுத்துவரும் ராணுவ விடுவிப்புச் சான்று, மருத்துவக் குழுவின் சான்று, கடைசி வரி ரசீது எல்லாவற்றையும் பார்த்தார். "எல்லாம் கரெக்டா இருக்கு சார். இதுநாள்வரைக்கும் ஏன் வரல நீங்க?" என்று கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் வரி விதிப்பு எண்ணைப் போட்டார். அப்புறம் கீபோர்டு சத்தம் நின்றுவிட்டது.

"இன்னாம்மா?" என்றாள் மீனாம்பாள்.

"சார், உங்க கட்டடம் பாதி வீடு, பாதி கிடங்குன்னு பதிவாகியிருக்கு. ஆயிரத்து நானூத்தி அறுபது சதுர அடி. முழுக்கக் குடியிருக்கற வீடா இருந்தாதான் இந்தச் சலுகை வரும்."

"எண்ணூத்தி பன்னெண்டு," என்றார் முனிரத்தினம்.

"சார்?"

"என் வீடு எண்ணூத்தி பன்னெண்டு சதுர அடிம்மா. இருபத்தொம்பதுக்கு இருபத்தெட்டு. கிடங்கு பக்கத்து வீட்டு ஹபீப் பாயுது. அதுல என்னுது ஒரு செங்கல் கூடக் கிடையாது."

ஃபீபி மீண்டும் திரையைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பதிவு மாறியிருந்தது. அன்றிலிருந்து வரியும் கூடியிருந்தது. எல்லாருக்கும் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்து இவர்களும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"வர்ற செவ்வாய்க்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டம் இருக்கு சார். அதுக்குள்ள பேரூராட்சியில திருத்தி ஒரு உத்தரவு வாங்கிட்டீங்கன்னா, நானே உங்க ஃபைல மேல வைக்கறேன். விட்டா அடுத்த கூட்டம் மூணு மாசம் கழிச்சுதான்."

பஸ்ஸில் திரும்பும்போது முனிரத்தினத்தின் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது. சலுகை வேண்டாம் என்ற மனிதர் இவர்தானா என்று மீனாம்பாள் பக்கவாட்டில் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. கோபம் மாதிரியும் இருந்தது, இருபத்திரண்டு வயசு திரும்பிவிட்ட மாதிரியும் இருந்தது.

"என் வீட்டுக்குள்ள கிடங்கு இருக்காம் மீனா! எனக்குத் தெரியாம!"

மறுநாள் காலை எட்டரை மணிக்கே பேரூராட்சி அலுவலக வாசலில் நின்றார்கள். பில் கலெக்டர் பரணிதரன் வந்தவுடன் விஷயத்தைச் சொன்னார்கள். நல்ல பையன்தான். ஆனால் மேஜை முழுக்க ஃபைல்.

"சார், இது ட்ரோன் பறக்கவிட்டு மேலருந்து எடுத்த போட்டோவ வெச்சுப் போட்டது. கூரை ஒண்ணாத் தெரியுது. போட்டோ பொய் சொல்லாது. நீங்க... தப்பா எடுத்துக்காதீங்க, உங்களால பாக்க முடியாதே சார்."

மீனாம்பாளுக்குச் சுருக்கென்றது. முனிரத்தினம் அசரவில்லை.

"தம்பி, மேல இருந்து பாத்தா கூரைதான் தெரியும். சுவரு தெரியுமா?"

பரணிதரன் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினான்.

"டேப் எடுத்துக்கினு வாங்க. நான் ஒவ்வொரு அளவும் வாயால சொல்றேன், நீங்க அளந்து பாருங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் இந்த மனுவக் கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

உள்ளறையிலிருந்து செயல் அலுவலர் எட்டிப் பார்த்தார். பாரதி என்ற பெண் அதிகாரி; மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "திங்கக்கிழமை பத்து மணிக்கு வர்றோம் சார்," என்றார். "நானும் வர்றேன். எனக்கே பாக்கணும்போல இருக்கு."

வெளியே வந்தவுடன் மீனாம்பாள் கேட்டாள்: "ஹபீப் பாய் ஒத்துக்கலைன்னா? இவ்ளோ நாள் அவருக்கு வரி வராம இருந்திருக்கு. இப்ப அவர் தலையில விழுமே."

இது முனிரத்தினத்துக்கும் தோன்றாமல் இல்லை. ஹபீப் தோல் வெட்டுத்துண்டு வாங்கி விற்பவர். ஆறு வருஷத்துக்கு முன் கிடங்கு கட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒருநாள்கூடச் சண்டை வந்ததில்லை. அன்று ஜும்மா தொழுகை முடிந்து அவர் கிடங்கைத் திறக்கும் சத்தம் கேட்டதும், முனிரத்தினம் கோலை எடுத்துக்கொண்டு தனியாகவே போனார்.

"பாய், உங்க கிடங்குக்கு வரி எங்க கட்டறீங்க?"

ஹபீப் கொஞ்சம் தயங்கினார். "ஏன் கேக்கறீங்க மிலிட்ரிகாரரே? கட்டி முடிச்சவுடனே ஆபீஸ்ல போய்க் கேட்டேன். 'அந்த இடத்துக்கு ஏற்கெனவே வரி போட்டாச்சு'ன்னாங்க. என் பேருக்குச் சீட்டே வரல. நானும் பேஜார் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அது என் பேருல வந்திருக்கு பாய்."

கிடங்குக்குள் யாரோ தோல் கட்டை இறக்கிப் போடும் சத்தம்.   அடுத்து என்ன வரும் என்று முனிரத்தினத்தால் கணிக்க முடியவில்லை.

"யா அல்லா," என்றார் ஹபீப். குரல் உடைந்திருந்தது. "கண்ணு போய் வந்த மனுஷன் கையிலயா நான் ஆறு வருஷம் என் கிடங்குக்கு வரி வாங்கிக் கட்டியிருக்கேன்? என் பொண்டாட்டி நசீமுன்னிசாவுக்குத் தெரிஞ்சா வீட்ல சோறு போட மாட்டா."

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திங்கக்கிழமை ஆபீசருங்க வர்றாங்க. நீங்க கூட நின்னாப் போதும்."

"நிக்கறதா? எழுதியே குடுக்கறேன். கிடங்கு என்னுதுன்னு பத்திரத்தோட வர்றேன். பழைய பாக்கிய நாம பேசிக்கலாம். வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தெருவே வாசலில் இருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஷிஃப்டுக்குப் போகவேண்டிய பெண்கள் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். பால்காரர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டார். சர்தார் பாஷா பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஒற்றைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

பாரதி பக்கத்தில் நிற்க, பரணிதரன் டேப்பை இழுத்தான். "ஹால் நீளம் சொல்லுங்க சார்."

"பதினாறு அடி ரெண்டு இன்ச்."

டேப் பதினாறு அடி இரண்டு அங்குலம் காட்டியது. வாசலில் ஒரு முனகல் எழுந்தது.

"அகலம்?"

"பன்னெண்டு மூணு."

பன்னிரண்டு மூன்று. யாரோ கை தட்டினார்கள். படுக்கை அறை சரி. குளியலறை சரி. ஒவ்வொரு அளவுக்கும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள் வெளியே நின்றவர்களுக்குக் கத்திச் சொன்னார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் தெரு கேட்டுக்கொண்டிருந்தது. மீனாம்பாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சமையலறை அகலம்?"

"எட்டு அடி ஆறு."

பரணிதரன் டேப்பைப் பார்த்தான். இன்னொரு முறை இழுத்துப் பிடித்துப் பார்த்தான்.

"எட்டு நாலரைதான் சார் வருது."

வாசலில் கைதட்டத் தூக்கிய கைகள் இறங்கின. ஒன்று தப்பாக இருந்தாலும் மனுவைக் கிழிக்கிறேன் என்று அவர் சொன்னது தெருவுக்கே தெரியும். சர்தார் பாஷா, "ஒன்றரை இன்ச்தானே..." என்று ஆரம்பித்தார். முனிரத்தினம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. இரண்டு அடி எடுத்து வைத்து, சமையல் மேடைக்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்தார். வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு பரவியது.

"மீனா! போன பொங்கலுக்கு இன்னா பண்ணினோம்?"

மீனாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "டைல்ஸ்! ஐயோ, டைல்ஸ் ஒட்டினோம் மேடம்! சிமென்ட்டோட சேத்து ஒன்றரை இன்ச் இருக்கும்!"

பாரதியே முன்னால் வந்து, மேடைக்குக் கீழே டைல்ஸ் ஒட்டாத இடத்தில் டேப்பை வைக்கச் சொன்னார். எட்டு அடி ஆறு அங்குலம்.

தெரு ஒரேயடியாக ஆர்ப்பரித்தது. பரணிதரனும் தன்னை மறந்து, "சூப்பர் சார்!" என்று கத்திவிட்டு, அதிகாரி பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்," என்றார் முனிரத்தினம். "கூரை ஒண்ணாத் தெரியுதுன்னு தம்பி சொன்னாரே. பாயோட ஷீட்டு என் மொட்டை மாடிச் சுவத்துக்கு மேல வந்து உக்காந்திருக்கு, மழைத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு. கீழ ரெண்டு சுவத்துக்கும் நடுவுல நாலு விரக்கடை சந்து இருக்கு. தம்பி, டார்ச் அடிங்க."

வீட்டின் முன்பக்கம், தகரம் மறைத்திருந்த அந்தச் சந்தின் வாயில் பரணிதரன் குனிந்து செல்போன் விளக்கை அடித்தான். ஹபீப் பின்பக்கத்துக்கு ஓடினார். தடித்த மனிதர், அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.  பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கி மாதிரி ஒரு குரல் எழுந்தது.

"தெரியுது! வெளிச்சம் தெரியுது மேடம்! சந்து முழுக்கத் தெரியுது!"

பாரதி தானே போய் இரண்டு பக்கமும் பார்த்தார். வெளிச்சுவரை அளக்கச் சொன்னார். இருபத்தொன்பதுக்கு இருபத்தெட்டு. கிடங்கைத் தனியாக அளக்கச் சொன்னார். இருபத்தேழுக்கு இருபத்துநான்கு. பரணிதரன் செல்போனில் பெருக்கிக் கூட்டினான். ஆயிரத்து நானூற்று அறுபது, ஓர் அடி பிசகவில்லை. ஹபீப் மூச்சு வாங்கிக்கொண்டே பத்திர நகலையும் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் நீட்டினார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு வந்து உத்தரவ வாங்கிக்கங்க சார்," என்றார் பாரதி. படியிறங்கும்போது திரும்பி, "நாங்க கீழ இறங்கி ஒரு தடவ பாத்திருக்கணும்," என்றார்.

நான்கு மணிக்கு உத்தரவு கைக்கு வந்தது. அதில் "குடியிருப்பு" என்ற சொல்லை மீனாம்பாள் வாசிக்க, முனிரத்தினம் இரண்டு தடவை திருப்பி வாசிக்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஃபீபி சொன்னபடியே ஃபைலை முதலில் வைத்திருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் முனிரத்தினம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நெஞ்சில் பதக்கத்தோடு எழுந்து நின்றார். மேடையில் இருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். மருத்துவச் சான்று, வரி ரசீது, திருத்திய உத்தரவு. கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பேனா காகிதத்தில் உரசிய சத்தம் முனிரத்தினத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

"சலுகை வழங்கப்படுகிறது. வாழ்த்துகள் முனிரத்தினம். வேற ஏதாவது சொல்லணுமா?"

நன்றி சொல்லிவிட்டு உட்காரத்தான் எழுந்திருந்தார். ஆனால் வாயில் வேறு வந்தது.

"சார், நான் இதக் கேள்விப்பட்டதே போன வியாழக்கிழமைதான். என்ன மாதிரி அடிபட்டு வந்தவங்க இந்தப் பக்கம் எத்தன பேர் இருக்காங்க, அவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

அதிகாரி ஃபீபியைப் பார்த்தார். ஃபீபி பதிவேட்டைப் பார்த்தார். "மனு போடாதவங்க பதினொரு பேர் இருக்காங்க சார். கடிதம் போட்டோம். பதில் இல்ல."

"நம்பர் இருக்காம்மா?"

ஃபீபி ஒவ்வொன்றாகப் படித்தார். முனிரத்தினம் யாரையும் எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை. பதினொரு நம்பரையும் கடைசியில் ஒருமுறை திருப்பிச் சொன்னார். கூட்டத்தில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. மீனாம்பாளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே வீட்டு போன் நமக்குக் கிடைக்காது," என்று கூட வந்திருந்த சர்தார் பாஷாவிடம் முணுமுணுத்தாள்.

அது அப்படியேதான் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்திலும் ஷிஃப்டு முடிந்தும் முனிரத்தினம் கூப்பிட்டார். அமிர்தி மலையடிவாரத்தில், பனிமலையில் கால்விரல்களை இழந்த ஒருவர், ரெஜிமென்ட் பேரைக் கேட்டதும் ஜெய்ஹிந்த் சொல்லி அழுதார். குடியாத்தத்தில் ஒருவருக்கு வீடு அப்பா பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்ற என்ன செய்வதென்று ஃபீபியிடம் கேட்டுச் சொன்னார். வாலாஜாபேட்டையில் ஜார்ஜ் என்பவர் மட்டும், "இந்த மாதிரி பேசிப் பேங்க் நம்பர் கேக்கற கும்பல் நெறைய பாத்துட்டேன், வைடா போன," என்று மூன்று தடவை துண்டித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிகிற நேரம் பார்த்து முனிரத்தினமும் சர்தார் பாஷாவும் வாலாஜாபேட்டையில் பஸ் இறங்கினார்கள். விசாரித்துக்கொண்டு வந்த வீட்டின் கதவைத் தட்டினார்கள். சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. கதவு பாதி திறந்தது.

"யாரு?"

"மூணு தடவ போன் வெச்சீங்களே, அந்தக் கும்பல்தான் வந்திருக்கோம்," என்றார் முனிரத்தினம்.

ஜார்ஜ் வெள்ளைக் கோலைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரின் இல்லாத கையைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே காலின்றித் தொங்கிய தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார், மூவரும் சிரித்தார்கள்.

"ஜெயபுஷ்பம்!" என்று மனைவிக்கு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்தத் தகரப் பெட்டிய எறக்கு. வீட்டுப் பத்திரமும் டிஸ்சார்ஜ் புக்கும் அதுலதான் இருக்கு. மூணு டீயும் போடு!"